பெயிண்ட் அடிப்பதா, அப்படியே விடுவதா: பழைய மரச்சாமானை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு

எங்கள் அப்பாரு (தாத்தா) வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஒரு விசுப்பலகை கிடந்தது. ஆறடி நீளம், நாலு தடித்த கால், சாய்வதற்கு ஒன்றும் கிடையாது. ஒறம்பரை வந்தால் உட்காருவது, மத்தியானம் அப்பாரு கட்டையைச் சாய்ப்பது, கடலைக்காய் உரிப்பது எல்லாம் அதில்தான். சின்ன அத்தை கல்யாணத்துக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தபோது, ஜன்னலுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சை இனாமலை அதன் தலையிலும் ஊற்றிவிட்டார்கள். அடுத்த கல்யாணத்துக்குச் சாக்லெட் கலர். பாகம் பிரித்தபோது யாரும் கேட்காத சாமானாக அது என்னிடம் வந்து சேர்ந்தது. நானும் மூன்றாவது கோட்டு அடித்துவிடலாம் என்று வெள்ளை இனாமல் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டப்பாவைத் திறக்கும் முன் பலகையைக் கவிழ்த்துப் போட்டேன். அடிப்பக்கத்தை இரண்டு முறையும் பெயிண்ட்காரர் தொடவே இல்லை, வெறும் அழுக்கும் ஒட்டடையும்தான். சும்மா ஒரு ஆர்வத்தில் பிளேடால் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டினேன். மஞ்சளும் சிவப்பும் கலந்த பழுப்பு எட்டிப் பார்த்தது. சுரண்டிய தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் டீ டிக்காஷன் மாதிரி நிறம் இறங்கிவிட்டது. வேங்கை. பெயிண்ட் டப்பாவை அப்படியே பரணில் ஏற்றினேன்.

அந்தச் சூட்டில் அடுத்த தப்பையும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் கடை ஒன்றில் நீலப் பெயிண்ட் அடித்த அலமாரி ஒன்றைத் தேக்கு என்று சொன்னதை நம்பி வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுரண்டினேன். கடைசியில் கிடைத்தது மாம்பலகை, நடுவில் பேக்கிங் பெட்டிக் கட்டைகள், ஆணி ஓட்டையெல்லாம் பட்டி. ஊர் ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையப் போயி சுரண்டிட்டு இருக்கீங்களே, இது பெயிண்டுக்குன்னே பொறந்ததுங்க" என்றார். ஆக இரண்டு பக்கமும் சூடு பட்டவன் எழுதுவது இது.

முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

சாமான் வீட்டுக்கு வந்த அன்றே வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் போட்டு வையுங்கள். ஈரமான சாளையிலோ மாட்டுக்கொட்டகைப் பக்கமோ கிடந்த மரத்தைக் கான்கிரீட் வீட்டு மாடிக்குள் கொண்டுவந்தால் அது சுருங்கும், இணைப்பு இளகும், சில சமயம் விரிசலும் விடும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஈரத்துக்கு ஊதிக் காய்ச்சலுக்குச் சுருங்கும். பொள்ளாச்சியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் பட்டுக்கொண்டிருந்த பீரோவைக் கரூர்ப் பக்கத்து வறண்ட வீட்டுக்குக் கொண்டுபோனால் கதவில் சந்து விழுவது இதனால்தான். அது உட்கார்ந்த பிறகு பார்த்தால்தான் எது நிஜமான பழுது, எது இடம் மாறிய கோளாறு என்று தெரியும்.

இந்த ஒரு வாரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கீல், கைப்பிடி, பூட்டு எல்லாம் கழற்றும்போது எது எந்தப் பக்கம் என்று மறந்துவிடும், எனக்கு மறந்தது.

கழுவுவது

பாதிப்பேர் பெயிண்ட் டப்பாவைத் தேடுவதே அழுக்கைப் பார்த்துத்தான். அடுப்புப் புகை, எண்ணெய்க் கை, விபூதி, தூசி எல்லாம் பாலிஷ் மேல் படிந்து கறுத்துப் போயிருக்கும், பார்க்க மரமே செத்துப்போன மாதிரி தெரியும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, பழைய பனியன் துணி, நன்றாகப் பிழிந்து துடைப்பது, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. தண்ணீர் தேங்கக் கூடாது. அதற்கும் போகாத பிசுக்குக்கு டர்பென்டைன் நனைத்த துணி.

சலவைச் சோடா, புளி, எலுமிச்சை எல்லாம் வேண்டாம். பித்தளைக் குடம் விளக்கினால் மின்னும், மரம் மின்னாது. சோடா மாதிரிக் காரமான எதுவும் தேக்கின் நிறத்தைக் கறுக்கடித்துவிடும். அப்புறம் தேங்காய் எண்ணெய். காங்கேயம் பக்கம் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை என்பதால் நம் ஊரில் மரச்சாமானுக்கு அதைத் தடவும் பழக்கம் நிறைய உண்டு. தடவிய அன்று பளபளவென்று இருக்கும், உண்மைதான். ஆனால் தேங்காய், கடலை, விளக்கெண்ணெய் எதுவும் மரத்தின் மேல் காய்ந்து படலமாகாது, ஈரமாகவே இருந்து தூசியைப் பிடிக்கும், பின்னால் அடிக்கிற பாலிஷையோ பெயிண்டையோ ஒட்டவிடாது. மரத்தில் காய்கிற எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கழுவியதிலேயே பத்துக்கு மூன்று நாலு சாமான்களுக்கு முடிவு தெரிந்துவிடும். இவ்வளவு நல்ல பாலிஷா அடியில் இருந்தது என்று நீங்களே பெயிண்ட் யோசனையை விட்டுவிடுவீர்கள்.

என்ன மரம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மேல்பக்கத்து நிறத்தை நம்பாதீர்கள், ரோஸ்வுட் கலர் சாயம் ஏற்றினால் மாமரமும் ஈட்டி மாதிரி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது டிராயரின் பின்பக்கம், காலின் அடி, பலகையின் கீழ்ப்புறம் இப்படி ஒரு இடத்தில், கூர்மையான பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். புது மரம் தெரிந்த உடனே பாருங்கள், மோந்து பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள்.

தேக்கு என்றால் பொன்னிறப் பழுப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பசை, தோல் செருப்புக் கடைக்குள் போனால் வருமே அந்த மாதிரி ஒரு வாசனை. ஈட்டி கனக்கும், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து கறுப்பு ரேகை ஓடும். வேங்கையைத்தான் மேலே சொல்லிவிட்டேன். பலா புதிதாகச் சுரண்டினால் மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பாகிவிடும். பூவரசின் வைரம், அதாவது நடுப்பகுதி மரம், அடர்ந்த சாக்லெட் சிவப்பு. வாகையும் அழகான மரம், கரும்பழுப்பில் ரேகை ஓடும், அதைக் கிழக்கிந்திய வால்நட் என்று வெளிநாட்டு வியாபாரத்தில் சொல்வார்கள். ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வேம்பின் தூள் நாக்கில் பட்டால் கசக்கும். மா கொஞ்சம் சாம்பல் பூத்த வெளிறிய பழுப்பு, ரேகை அவ்வளவு பிடிப்பாக இருக்காது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. கோவையில் வனத்துறை வளாகத்துக்குள் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மர மாதிரிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். நான் ஒருமுறை போய்வந்த பிறகுதான் தேக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுச் சாமான்களில் பாதி தேக்கே இல்லை என்று புரிந்தது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துப் பழைய வீட்டுச் சாமான் என்றால் நல்ல தேக்காக இருக்கும் வாய்ப்பு கூடுதல். மலைமேல் வெட்டிய தேக்கைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் டாப்ஸ்லிப் என்றே பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் வெட்டித் தள்ளிய காட்டில் திரும்பத் தேக்கை வளர்த்தெடுத்த ஹூகோ வுட் என்ற வன அதிகாரியின் சமாதியும் அங்கேயே இருக்கிறது, 1933-இல் இறந்தவர். ஈட்டியோ இன்று நினைத்தால் வாங்க முடிகிற மரமே இல்லை. 2017 ஜனவரியிலிருந்து அந்த வகை மரங்களின் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு. அப்படிப்பட்ட பலகை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதன் மேல் வெள்ளை இனாமல் ஊற்றும் முன் ஒரு நாள் தூங்கி எழுந்து யோசியுங்கள்.

மரம் என்ன என்பதோடு, வைரமா வெள்ளையா என்றும் பார்க்க வேண்டும். தேக்கு என்றாலும் மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில் செய்த சட்டம் என்றால் பூச்சி தின்னும், நிறமும் வெளிறி நிற்கும். வைரம் பாய்ந்த பலகைக்குத்தான் அந்தப் பேரும் விலையும்.

இன்னொன்று, முழுப் பலகையா மேலே ஒட்டிய தோலா. பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் திரும்பித் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மெல்லிய ஒரு படலம் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் வெனீர். அதை மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரே நிமிடத்தில் ஓட்டை விழுந்துவிடும். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகி மூங்கில் ஆணி அடித்திருந்தால் அது பொறுமையாக உட்கார்ந்து செய்த கை. அந்த மூங்கில் ஆணித் தலைகளைப் பட்டி வைத்து மறைத்துப் பெயிண்ட் அடிப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம், இது என் தனிப்பட்ட ருசி, விட்டுவிடுங்கள்.

மேலே என்ன பூசியிருக்கிறது

பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் இறங்கினால் அரக்குப் பாலிஷ். பழைய சாமான்களில் பெரும்பாலும் அதுதான். உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் அரக்குப் பாலிஷைச் சுரண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டிலேயே இளக்கி அங்கேயே சரிசெய்யலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்சி தின்னருக்கு இளகினால் லாக்கர் என்கிற பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைனோ பி.யு.வோ (பாலியூரிதேன்) அடித்திருக்கிறார்கள், அல்லது நன்றாக இறுகிய இனாமல். இதையெல்லாம் எடுப்பது பெரிய வேலை.

காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அரக்குக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் நனைத்த துணியால் ஒரே இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பு வளையம் வேறு: ஈரத்தோடு இரும்பு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறங்கிய கறை. அது லேசில் போகாது.

உளு, கரையான், ஆட்டம்

இதைப் பார்க்காமல் பெயிண்டும் வேண்டாம் பாலிஷும் வேண்டாம். சாமானுக்கு அடியில் கறுப்புத் துணி விரித்து இரண்டு நாள் விடுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உள்ளே உளு, அதாவது மரம் துளைக்கும் பூச்சி, உயிரோடு இருக்கிறது. ஓட்டை இருந்து தூள் கொட்டவில்லை என்றால் பழைய கதையாக இருக்கலாம். மண் கோடு ஓடியிருந்தால் கரையான். அது சாமானின் வியாதி அல்ல, வீட்டின் வியாதி, தரையிலும் சுவரிலும் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கு, போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் ஆசிட் இரண்டு பங்கு சேர்த்து, அந்தக் கலவை 50 கிராமுக்கு ஒரு லிட்டர் சுடுதண்ணீர் என்ற கணக்கில் கரைத்து, இரண்டு மூன்று முறை பூசி ஊறவிடலாம். பெயிண்டோ பாலிஷோ இல்லாத வெற்று மரத்தில்தான் அது இறங்கும். அதனால் அடிப்பக்கம், பின்பக்கம், ஓட்டைகளுக்குள் ஊசியால். கையுறை போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போகிற கட்டையை எந்தப் பூச்சும் காப்பாற்றாது, வெட்டி எடுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போட வேண்டும்.

ஆட்டம் இருந்தால் ஆணி அடிக்காதீர்கள். கழற்றி, இணைப்பைச் சுத்தம் செய்து, திரும்பப் பசை வைத்து இறுக்கிக் கட்டுவதுதான் வழி. பழைய ஆசாரிகள் வச்சிரப் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள், வெந்நீர் பட்டால் அது இளகிவிடும், கழற்றுவது சுலபம்.

பழைய பெயிண்டில் ஈயம்

இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இனாமலில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு மாதிரிப் பளிச்சென்ற நிறங்களில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தைகளுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும் அது கெடுதல். தேய்ப்பதானால் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு, வெளியில் தார்ப்பாய் விரித்து, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு. தீ வைத்தோ சூட்டுத் துப்பாக்கி வைத்தோ உரிப்பது அதைவிட மோசம், புகையாகவே உள்ளே போகும். சுரண்டிய கழிவைத் தோட்டத்திலோ மாட்டுத் தீவனப் பக்கமோ கொட்டாதீர்கள், மண்ணில் அப்படியே கிடக்கும்.

பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக ஒட்டியிருந்தால், அதைச் சீண்டாமல் மேலேயே புதுக் கோட்டு அடித்து மூடிவிடுவதுதான் பல வீடுகளுக்குப் பாதுகாப்பு. கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் நான் சுரண்டும் பேச்சையே எடுக்க மாட்டேன்.

சரி, முடிவுக்கு வருவோம்

பெயிண்ட் அடிப்பது ஒரு நாள் வேலை, அதை எடுப்பது ஒரு மாத வேலை. ரேகைக்குள் இறங்கிய வெள்ளைப் பெயிண்ட் முழுசாக வெளியே வரவே வராது. அதனால் சந்தேகம் இருக்கிற வரை நான் அடிக்க மாட்டேன். அதற்காகப் பழசெல்லாம் பொக்கிஷம் என்று கும்பிடுகிற ஆளும் இல்லை.

தாராளமாக அடிக்கலாம் என்று நான் சொல்வது: மா, சில்வர் ஓக், பேக்கிங் கட்டை, பிளைவுட், நாலு மரத்தில் ஒட்டுப்போட்டு நாலு நிறத்தில் நிற்கிற சாமான், ஏற்கெனவே மூன்று முறை பெயிண்ட் கண்டு அடியில் சாதாரண மரமாக இருப்பது, சமையற்கட்டில் தண்ணீரும் எண்ணெயும் தெறிக்கிற அலமாரி, பிள்ளைகள் கிறுக்கப்போகிற மேசை. இவற்றுக்குப் பெயிண்ட் ஒரு சட்டை, கிழிந்தால் வேறு சட்டை.

அடிக்கவே வேண்டாம் என்பது: ஈட்டி, வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை, நல்ல பூவரசு, கடைசல் கால், செதுக்கு வேலை உள்ளவை, ஏனென்றால் இரண்டு கோட்டு இனாமலில் அந்த நுணுக்கமெல்லாம் மழுங்கிப் போகும், முதல் பாலிஷ் இன்னும் உயிரோடு இருப்பவை, என்றைக்காவது விற்கலாம் என்று நினைப்பவை. காரைக்குடியில் பழைய பொருள் வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்த்தாலே உரிக்கிற கூலியைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இடைப்பட்டதுதான் தலைவலி. வீட்டு ஆட்களிடம் கேளுங்கள், நிஜமாகவே. என் விசுப்பலகையின் ஒரு ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில், வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தது. ஏதோ பாலிஷ் கோளாறு என்று தேய்த்து எடுக்கப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, "அது உங்க ஆத்தா வெத்தலைக்குத் தடவிட்டு மிச்ச சுண்ணாம்பைத் தேய்க்கற எடங் கண்ணு" என்றார். விரலைத் தேய்த்த திசைகூடத் தெரிந்தது, உள்ளிருந்து வெளியே, கட்டைவிரல் அகலத்துக்கு. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். எந்தத் தழும்பை விடலாம், எதை எடுக்கலாம் என்று வெளியாள் சொல்ல முடியாது.

பாதி வழியும் உண்டு. மேல்பலகை நல்ல தேக்கு, கால் எல்லாம் கண்ட கட்டை என்றால் பலகைக்குப் பாலிஷ், காலுக்குப் பெயிண்ட். பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும், ஆனால் பின்னால் யாராவது எடுக்க நினைக்கலாம் என்றால், முதலில் அரக்குப் பாலிஷ் இரண்டு கை ஓட்டிவிட்டு அதன் மேல் பிரைமரும் பெயிண்டும். அரக்கு நடுவில் நிற்பதால் ரேகைக்குள் பெயிண்ட் இறங்காது.

வைத்துக்கொள்வது என்றால்

குறைவாகச் செய்யுங்கள். பாலிஷ் உயிரோடு இருந்தால் உப்புத்தாளே தொடாதீர்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்கு போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதை அரக்கில் நனைத்துப் பிழிந்து, ரேகை ஓடும் திசையில் விமானம் இறங்கி ஏறுகிற மாதிரி நிற்காமல் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். ஒவ்வொரு கைக்கும் நடுவே அரை மணி. ஆறேழு கை போதும். மழை நாளில் செய்யாதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப் பூத்துவிடும். நம் பக்கத்துக்குத் தை, மாசி சரியான மாதம்.

மேலே மெழுகு. தேன்மெழுகு 100 கிராம், டர்பென்டைன் 300 மில்லி. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துத் தூரமாக எடுத்துவந்து டர்பென்டைன் ஊற்றிக் கலக்குங்கள், அடுப்பு எரியும்போது ஊற்றினால் குப்பென்று பிடித்துவிடும். ஆறினால் வெண்ணெய் பதம். துணியில் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து வேறு துணியால் துடைத்தால் ஆச்சு. வருஷத்துக்கு இரண்டு தடவை போதும்.

லின்சீட் ஆயில் பூசினால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். ஈட்டியின் மேல் இந்த எண்ணெயும் எண்ணெய் வார்னிஷும் சரியாகக் காயாமல் பிசுக்கும், அந்த மரத்தில் இருக்கிற சத்து அப்படி. அதற்கு அரக்குதான்.

பாலிஷ்காரரைக் கூப்பிடுவதானால் முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லிவிடுங்கள்: மெஷின் வைக்க வேண்டாம், கலர் ஏற்ற வேண்டாம், மெலமைன் வேண்டாம், அரக்குப் பாலிஷ் மட்டும். சொல்லாவிட்டால் சாயங்காலம் வந்து பார்க்கும்போது உங்கள் தாத்தா மேசை கல்யாண மண்டபத்து மேசை மாதிரி பளபளக்கும். அது அவர் தப்பில்லை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பெயிண்ட் அடிப்பது என்றால்

அடிப்பதென்று ஆனபின் அரைகுறை வேண்டாம். கீல், கைப்பிடி, பூட்டைக் கழற்றுங்கள். பித்தளைக் கைப்பிடி மேல் பெயிண்ட் அடித்த அலமாரிகளை ஊரெல்லாம் பார்க்கலாம், ஐந்து நிமிட சோம்பல்தான் காரணம். தின்னரால் துடைத்துப் பிசுக்கை எடுங்கள், எண்ணெய்ப் பசையுள்ள மரத்துக்கு இது கட்டாயம். ஈய பயம் இல்லாத பரப்பை 180 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, வுட் பிரைமர் ஒரு கோட்டு. ஒரு நாள் காயட்டும். பள்ளங்களுக்குப் பட்டி, காய்ந்ததும் 220. பிறகு இனாமல் இரண்டு மெல்லிய கோட்டு, நடுவே ஒரு ராத்திரி, 320 நம்பரில் லேசான ஒரு தடவல். தடிமனாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழிந்து கண்ணீர் மாதிரி நிற்கும்.

தேக்கு, வேங்கை மாதிரி நிறம் கக்குகிற மரத்தின் மேல் வெள்ளை அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணீர்ப் பெயிண்ட் அடித்தால் சில நாளில் மஞ்சள், பழுப்புத் திட்டு மேலே வந்து நிற்கும். எத்தனை கோட்டு அடித்தாலும் வரும். பிரைமருக்கு முன்னால் அரக்கு ஒரு கை ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

டிராயர் ஓடும் பள்ளத்திலும் கதவு விளிம்பு உரசும் இடத்திலும் அடிக்காதீர்கள், மழைக்காலத்தில் திறக்கவே வராது. ஆடி மாதத்தில் வெளியில் வைத்து அடிக்காதீர்கள், அந்தக் காற்றில் பல்லடத்துத் தூசியெல்லாம் உங்கள் அலமாரியில்தான். சித்திரை வெயிலிலும் வேண்டாம், மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் எவர்சில்வர் டப்பாவை வைத்தால் அடி ஒட்டிக்கொண்டு பெயிண்டோடு வரும்.

என்னுடைய நீல அலமாரிக்கு இதெல்லாம் செய்தேன். பரணில் கிடந்த அந்த வெள்ளை டப்பாவைத்தான் இறக்கினேன், மேலே தோல் கட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டுக் கலக்கி, நைலான் சாக்ஸில் வடிகட்டினால் சரியாக இருந்தது. இப்போது சமையற்கட்டில் பருப்பு டப்பாக்களோடு நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் நல்லா இருக்கிறது என்கிறார்கள். விசுப்பலகையை யாரும் கவனிப்பதில்லை, வந்ததும் நேராகப் போய் அதில் உட்கார்ந்துகொள்கிறார்கள். போன மாதம் வந்த சின்ன அத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "பச்சை அடிச்சிருந்தப்ப இன்னும் எடுப்பா இருந்துச்சு சாமி" என்றார்.